முதுசமும் ஒரு பிடி அரிசியும்

யாழ்ப்பாணத்தவருக்கு மரபுரிமை என்ற சொல்லைவிட முதுசம் என்ற சொல்லே பழக்கமானது. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டு எழுத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் குடும்பச் சொத்தை மூன்று வகையாகப் பார்க்கிறது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். மகளுக்குக் கொடுத்து அனுப்பியது சீதனம். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். காணிப் பிணக்குகளைத் தீர்ப்பதற்கு உதவிய சொற்கள் இவை. ஆயினும், ஒரு பாடசாலையின் பழைய மாணவியர் தங்கள் சங்கத்தின் நூறு ஆண்டுக் கணக்கைப் பார்க்க உட்காரும்போது இவற்றைவிடப் பொருத்தமான தலைப்புகள் கிடைப்பது அரிது. நமக்கு வந்தது எது? நாம் தேடியது எது? அடுத்து வருபவளுக்குக் கொடுத்து அனுப்பப் போவது எது?

நம்மிற் பலருக்குக் காணியும் வீடும் முதுசமாக நிலைக்கவில்லை. உறுதியை மட்டும் பெட்டிக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, காணியின் முகத்தைப் பாராமலே ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவர்கள் நம் சங்கத்தில் எத்தனையோ பேர். ஆனால் எல்லையைத் தாண்டியும் கடலைத் தாண்டியும் நம்முடன் வந்த முதுசம் ஒன்று உண்டு. அது எடுத்து வைக்கும் பழக்கம். அனுபவிப்பதற்கு முன் ஒரு பங்கை எடுத்து வைப்பது. பயன்பட்ட பின்பும் பொருளை எறியாமல் இன்னொன்றாக்குவது. கிடைத்தது கிடைத்த நாளைத் திருநாளாக்கி நன்றி சொல்வது. சிக்கனம், கைவேலை, பண்டிகை என்று நாம் தனித்தனியாகப் பேசுகின்ற மூன்றும் நம் பாட்டிமாரின் வீடுகளில் ஒரே பழக்கத்தின் மூன்று பக்கங்களாக இருந்தன. அந்தப் பழக்கத்தின் வரலாற்றையும், அதிலே நாம் விட்ட குறையையும் இந்த மலரில் எழுதி வைப்பது தகும் என்று எண்ணுகிறேன்.

பிடியரிசி

உலைக்கு அரிசியை அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி வேறொரு பானைக்குள் போடுவது யாழ்ப்பாணத்து வீடுகளில் நெடுங்காலம் இருந்து வந்த வழக்கம். அதற்குப் பெயர் பிடியரிசி. பானை நிறைந்ததும் அது கோயில் அன்னதானத்துக்கோ மடத்துக்கோ இல்லாத வீட்டுக்கோ போகும். ஒரு பிடி என்பது சிறிய அளவுதான். ஆனால் அது எடுக்கப்படும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். உண்டு மிஞ்சியதைக் கொடுப்பவருக்கு மிஞ்சாத நாளில் கொடுக்க ஒன்றும் இராது. முதலில் எடுத்து வைப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டில் ஐந்து பேருக்கு அரிசி போதாத நாளிலும் பிடியரிசிப் பானைக்கு அதன் பங்கு போகும். சோற்றுக்குப் பதில் கஞ்சி வைத்து அந்த நாளைச் சமாளிப்பார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காணி விற்பதையும் பிள்ளையைப் படிப்பிப்பதையும் ஆண்கள் தீர்மானித்த காலத்தில், அரிசி அளக்கும் கொத்து பெண்ணின் கையில் இருந்தது. ஆகவே பிடியரிசி அவள் எவரையும் கேளாமல் செய்யக்கூடிய தருமம். பெண்களின் பொதுப்பணி நம் ஊரில் எங்கே தொடங்கியது என்று தேடினால், சங்கங்களுக்கும் கூட்ட அறிக்கைகளுக்கும் முன்னதாக அடுப்படியில் இருந்த இந்தப் பானையைத்தான் காட்ட வேண்டும்.

1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். அவர்களது சபைகளிற் சேர்ந்த குடும்பத்துப் பெண்களும் வழக்கம்போலவே பிடியரிசி எடுத்து வைத்தார்கள். அது இப்போது சபையின் ஊழியத்துக்குப் போயிற்று. சமயம் மாறியது, பானை மாறவில்லை.

அந்த மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்து நோர்விச் நகரிலிருந்து வந்த அவர், 1833இல் யாழ்ப்பாணத்திலேயே காலமானார். அவருக்குப் பின் வந்தவர்களுள் எலைசா அக்னியூ அம்மையாரை உடுவிலார் மட்டுமன்றி யாழ்ப்பாணமே அறியும். 1840இல் வந்து 1879 வரை அப்பாடசாலையில் பணியாற்றி, ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல் 1883இல் இங்கேயே கண்மூடினார். ஆயிரம் மகள்மாரின் தாய் என்று அவரைச் சொல்வதுண்டு.

இந்தப் பாடசாலைகளை நடத்திய பணத்தில் ஒரு பகுதி அமெரிக்கப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. அங்கும் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, தையல் வேலை செய்து, மிசன் உண்டியலில் போட்டார்கள். அந்தக் காசும் யாழ்ப்பாணத்துப் பிடியரிசியும் ஒரே கூரையின் கீழ் சந்தித்தன என்பது எண்ணி மகிழத் தக்கது. எண்ணிப் பார்க்க வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. ஒரு பிள்ளையின் செலவை ஏற்றவர் தமக்கு விருப்பமான பெயரை அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அதனால்தான் தென்னோலை வேலிக்குள் பிறந்த பிள்ளைகள் பலர் அமெரிக்கப் பெயர்களோடு மிசன் பதிவுகளில் வாழ்கிறார்கள். கொடுத்தவருக்குச் சந்தேகமில்லாமல் நன்றி சொல்வோம். ஆனால் பெற்றுக்கொண்ட பிள்ளை தன் பெயரையே விலையாகக் கொடுக்க நேர்ந்ததையும் நினைப்போம். பிடியரிசிப் பானையில் யாருடைய பெயரும் இருப்பதில்லை. யாருடைய பிடி யாருடைய சோறாயிற்று என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கொடுப்பதற்கு அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

சைவர் பக்கத்திலும் இதே காலத்தில் இதே வேலை நடந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1870களின் பஞ்சத்தின்போது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். பெண்களின் கல்விக்காகச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் ஒரு கல்லூரியை நிறுவினார். பெரியவர்களின் பெயர்கள் கல்வெட்டில் நிற்கின்றன. அந்தக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வீட்டு வேலையைத் தாங்களே இரட்டிப்பாகச் செய்த தாய்மாரின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஓலையின் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. மழை சில மாதங்களுக்கு மட்டும். மற்றக் காலத்துக்குக் கிணறு. மண்ணின் ஆழம் குறைவு, அதன் கீழே சுண்ணக்கல். இப்படிப்பட்ட நிலத்தில் எதையும் வீணாக்காமல் வாழ வேண்டும் என்று மனிதருக்குப் பாடம் சொன்ன மரம் பனை. பனையின் பயன்கள் 801 என்று தால விலாசம் என்னும் தமிழ்நூல் கூறுகிறது. வில்லியம் பேர்குசன் 1850இல் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய ஆங்கில நூலிலும் இந்தத் தொகை குறிக்கப்பட்டிருக்கிறது. எண்ணிக்கையைச் சரிபார்க்க நமக்கு நேரமில்லை. ஒரே ஒரு பனம்பழத்தைப் பின்தொடர்ந்து போனாலே போதும்.

பழத்தைப் பிழிந்து களி எடுத்துப் பாயில் ஊற்றிக் காயவிட்டால் பனாட்டு. அதே களியை மாவோடு சேர்த்துச் சுட்டால் பனங்காய்ப் பணியாரம். களி எடுத்தபின் மிஞ்சும் விதையைப் பாத்தியில் அடுக்கி மண் போட்டால் மாரி மழையில் முளைத்துக் கிழங்காகும். கிழங்கை அவித்துத் தின்னலாம். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், அவிக்காமல் பிளந்து காயவிட்டால் ஒடியல். ஒடியலை இடித்த மாவில்தான் மீனும் நண்டும் மரவள்ளியும் இட்டு நாம் காய்ச்சும் கூழ். கிழங்கு பிடுங்கிய விதையைப் பிளந்தால் உள்ளே பூரான், சிறுவர்களுக்குத் தின்பண்டம். பூரானும் போனபின் எஞ்சும் ஓடு ஊமல். அது அடுப்புக்கு விறகு, எரித்தால் கரி. ஒரு பழத்திலிருந்து எறிவதற்கென்று எதுவும் மிஞ்சவில்லை.

ஓலையின் கணக்கும் அப்படியே. வெட்டிய சார்வோலையை வெயிலிற் காயவைத்து, இரவுப் பனியிற் போட்டுப் பதமாக்கி, ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக வார்ந்து எடுத்த பின்தான் இழைக்கத் தொடங்குவார்கள். பாய், பெட்டி, சுளகு, கடகம், பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி, வெற்றிலையும் சில்லறையும் வைக்கும் கொட்டைப்பெட்டி, மீன் வாங்கப் போகும் உமல், பானை இருத்தும் திருகணை, கூழ் குடிக்கும் பிளா என்று பிறந்தது முதல் இறப்பது வரை தேவையானவற்றை ஓலையே தந்தது. கழித்த ஈர்க்கிலே இடியப்பத் தட்டு. வீட்டுக்கு வேய்ந்த ஓலை பழையதானால் வேலிக்குப் போகும். வேலியிலும் உக்கினால் தோட்டத்தில் தாழ்த்துப் பசளையாக்குவார்கள். அந்தத் தோட்டத்து விளைச்சல் மறுபடி கடகத்தில் வீட்டுக்கு வரும்.

துணிக்கும் இதே விதிதான். ஆச்சியின் சேலை நைந்தால் குழந்தைக்கு ஏணை. ஏணையும் நைந்தால் தலையணை உறை. பின்பு அடுப்படியில் பிடிதுணி. கடைசியில் விளக்குத் திரி. பாடசாலைகளில் தையல் வகுப்பு வந்தபோது நம் பிள்ளைகள் அதை இலகுவில் பிடித்துக்கொண்டதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கிழிசலை மறைப்பதும், ஒட்டுப் போடுவதும், கைநூலால் ஓரம் அடிப்பதும் அவர்கள் ஏற்கெனவே வீட்டில் கண்டவை. தையல் ஆசிரியை புதிதாகக் கற்றுக்கொடுத்தது பூவேலையையும் குறோசேயையும்தான். அந்தக் கைவேலைகள் பாடசாலை விற்பனைத் தினங்களில் மேசைமீது ஏறின. விளையாட்டு மைதானத்துக்கும் நூலகத்துக்கும் எத்தனையோ பாடசாலைகள் பணம் சேர்த்தது இப்படித்தான்.

விடுமுறை நாள்கள் எதற்காக வந்தன

பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் பாடசாலை இல்லாத நாள். ஆனால் நம் ஊர்ப் பண்டிகைகளை ஆண்டு ஒழுங்கில் வைத்துப் பார்த்தால், கிடைத்தது எதற்காகவோ நன்றி சொல்லும் நாள்களாகவே அவற்றிற் பல அமைந்திருக்கின்றன.

தை பிறந்தால் புதிர் வரும். முற்றத்தில் கோலமிட்டு, கிழக்குப் பார்த்த அடுப்பில் புதுப்பானை ஏற்றி, பால் பொங்கியதும் வீட்டுத் தலைவர் கைகளால் அரிசியை அள்ளி இடுவார். அங்கும் அளவு பிடிதான். முதற் படையல் சூரியனுக்கு. மறுநாள் உழுத மாட்டுக்கும் பால் தந்த பசுவுக்கும் பொங்கல். கிறிஸ்தவ சபைகளில் இதே நன்றி அறுப்பின் பண்டிகையாக நடந்தது. முதற்பலனாகப் பூசணியும் வாழைக்குலையும் முட்டையும் கோழியும் ஆலயத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். தன் வளவுப் பூசணியைத் தானே கூடிய விலைக்கு ஏலத்தில் எடுத்துக்கொண்டு போகும் பெரியவர்கள் எந்தச் சபையிலும் இருந்தார்கள்.

சித்திரை வருடப் பிறப்புக்கு மருத்துநீரும் கைவிசேடமும். ஆடி முதலாம் நாள் ஆடிக்கூழும் கொழுக்கட்டையும். அரிசிமாவும் பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கூழுக்கு இனிப்பு, பனைதந்த பனங்கட்டி. ஆடிப்பிறப்பு விடுமுறையின் மகிழ்ச்சியை நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவர் பாடலாக்கித் தந்தார். தமிழாசிரியராக இருந்த ஒருவர் பாடசாலை விடுமுறையைக் கொண்டாடிப் பாடினார் என்பதில் ஒரு குறும்பும் இருக்கிறது. உலகின் எந்த மூலையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையாகப் படித்தவர் எவரும் அந்தப் பாட்டை மறந்திருக்க மாட்டார்.

ஆவணியில் நல்லூர் 25 நாள் திருவிழா. புரட்டாதியில் நவராத்திரி; முடிவில் விசயதசமியன்று பரப்பிய பச்சரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கும் ஏடு தொடக்கல். அந்த ஏடும் பனையோலை. கார்த்திகை விளக்கீட்டன்று கோயில் வாசலில் எரியும் சொக்கப்பானைக்குக் காவோலை. பாஸ்கா வாரத்துக்கு முன் வரும் ஞாயிறன்று கத்தோலிக்கப் பிள்ளைகள் குருத்தோலையிற் சிலுவை பின்னுவார்கள். மார்கழியில் நத்தாருக்குப் பாலன் குடில். கோயிலுக்குப் போனவளும் தேவாலயத்துக்குப் போனவளும் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள்; பலகாரம் வேலிப் பொட்டுக்குள்ளால் இரு பக்கமும் போய்வந்தது. நம்பிக்கை என்றால் என்ன என்று வகுப்பில் எங்களுக்கு வரைவிலக்கணம் சொன்னார்கள். விளங்கியது அந்த வேலிப் பொட்டில்.

1927 நவம்பர் 29

யாழ்ப்பாணப் பெண்கள் கல்லூரிகளின் வரலாற்றில் சிக்கனமும் கைத்தொழிலும் நன்றியும் ஒரே நாளில் சேர்ந்து வந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் வந்திருந்த மகாத்மா காந்தி, 1927 நவம்பர் 29 அன்று உடுவில் மகளிர் கல்லூரிக்கும் இராமநாதன் கல்லூரிக்கும் சென்றார். இலங்கைப் பயணத்தின் நோக்கம் கதர் நிதி. இந்தியக் கிராமத்து ஏழைகள் நூல் நூற்றுக் கூலி பெறுவதற்கான பணம்.

இராமநாதன் கல்லூரி மாணவியர் பணப்பை ஒன்றைக் கொடுத்ததோடு, அந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாடிக் கதருக்கு நிதி சேர்ப்பதாகவும் வாக்களித்தார்கள். காந்தி மனம் நெகிழ்ந்து நன்றி சொன்னார். பின்பு மாணவியரின் மனத்தைத் தொடும் ஒன்றையும் சொன்னார்: யாருக்காக இந்தப் பணம் சேர்க்கப்படுகிறதோ அந்த மக்களுக்கு இப்படிப்பட்ட கொடைகளைப் பற்றி எடுத்துச் சொன்னாலும் விளங்காது, அவர்கள் அவ்வளவு வறுமையில் இருக்கிறார்கள் என்று. படிப்பு முடிந்ததும் பெண்கள் பொதுவாழ்விலிருந்து மறைந்துபோவதைப் பற்றியும் அவர் அன்று பேசினார்.

அந்த நாளில் பேசப்பட்ட இரண்டு விடயங்களும் பழைய மாணவியர் சங்கம் ஒவ்வொன்றுக்கும் உரியவை. பாடசாலை வாசலைத் தாண்டிய பின் மறைந்துபோகாமல் இருப்பதற்காகவே சங்கங்கள் தோன்றின. யாருக்குக் கொடுக்கிறோமோ அவரிடமிருந்து நன்றி வராவிட்டாலும் கொடுப்பதே அவற்றின் கடமை.

நன்றியில் விடுபட்டவர்கள்

நூற்றாண்டு மலர்களில் நாம் பெரும்பாலும் நன்றிப் பட்டியலே எழுதுகிறோம். யாரைப் பட்டியலில் எழுதாமல் விட்டோம் என்பதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

மேலே பனையைப் பற்றிப் பெருமையாக எழுதினேன். அந்தப் பனையில் ஏறியவர் யார்? ஓலை வெட்டித் தந்தவர் யார்? விடியுமுன் கருப்பநீர் இறக்கிப் பனங்கட்டி காய்ச்சியவர் யார்? நாம் இனிப்பாகக் குடித்த ஆடிக்கூழின் பின்னால் அவர்களுடைய உயிராபத்தான உழைப்பு இருந்தது. ஆனால் சாதியின் பெயரால் அவர்களுக்கு நம் கிணறுகளும் கோயில்களும் நெடுங்காலம் மூடியிருந்தன. பாடசாலைகளிலும் அவர்களின் பிள்ளைகள் வாங்கில் இருக்க முடியாமல் நிலத்தில் இருந்த காலம் ஒன்று உண்டு. அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 1920களின் இறுதியில் கட்டளை வந்தபோது யாழ்ப்பாணத்தில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் எரிக்கவும் பட்டன. அதே யாழ்ப்பாணத்தில்தான் ஹன்டி பேரின்பநாயகம் முதலானோரின் வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்துக்காகவும் சம போசனத்துக்காகவும் நின்றது. இரண்டும் நமது வரலாறு. 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னரே எத்தனையோ வீடுகளிலிருந்து முதற் பெண்பிள்ளை பாடசாலை வாசலை மிதித்தாள்.

நம்மோடு படித்த முஸ்லிம் சகோதரிகளையும் இங்கே நினைக்க வேண்டும். 1990 ஒக்ரோபரில் அவர்களுடைய குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளைச் சில மணி நேரத்தில் விட்டுப் போனார்கள். முதுசம் என்ற சொல்லை உச்சரிக்கும் உரிமை அவர்களுக்கும் நமக்கும் சமமாகவே உண்டு.

இவற்றை எழுதுவது விழா நாளில் மனங்களைக் கசக்கச் செய்வதற்காக அன்று. திருக்குறளில் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. நன்றி அறிதல் என்பதில் அறிதலும் சேர்ந்திருக்கிறது. யார் செய்தார் என்று அறியாமல் சொல்லும் நன்றி உபசார வார்த்தையாகவே நின்றுவிடும்.

ஜாம் போத்தல் விளக்கு

1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றோடு பழைய ஓலைச்சுவடிகளும் போயின. முன்னோர் எடுத்து வைத்தவை ஓர் இரவில் இல்லாமற் போகும் என்பதை அப்போது கண்டோம்.

1990இன் நடுப்பகுதியிலிருந்து மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் மின்கலமும் எரிபொருளும் சவர்க்காரமும் பசளையும் அரிய பொருள்களாயின. அந்தக் காலத்தில் படித்த பிள்ளைகள் இன்று உலகெங்கும் வைத்தியர்களாக, ஆசிரியைகளாக, பொறியியலாளர்களாக இருக்கிறார்கள். அவர்கள் படித்த வெளிச்சம் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியைக் கொளுத்துவார்கள். கண்ணாடியே காற்றுக்கு மறைப்பு. சிறிதளவு எண்ணெயில் இரவு முழுவதும் எரியும். சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அச்சுத்தாள் இல்லாதபோது பயிற்சிக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சாகி வந்தது. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். அது பாட்டிமார் அறிந்த பழைய முறை. பேத்திமாருக்குத் தேவைப்பட்டபோது கையெட்டும் தூரத்தில் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் நடந்தது. கடகத்துக்குள் சமையற் பாத்திரத்தையும், பையொன்றில் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பாடசாலைச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு மழையில் நடந்தார்கள். அடுத்த தை மாதம் பலருக்குப் பொங்கல் தென்மராட்சியில், பிறர் வளவு மாமரத்தின் கீழ். புதுப்பானை இல்லை. கோலத்துக்கு மா இல்லை. ஆனாலும் மூன்று கல்லை வைத்துப் பொங்கியவர்கள் இருந்தார்கள். வளவுக்கு உரியவர்களுக்கு முதலிற் கொடுத்துவிட்டுத்தான் உண்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளைச் சிக்கனத்தின் பொற்காலம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது. தெரிந்து மேற்கொண்ட சிக்கனம் வேறு, திணிக்கப்பட்ட இல்லாமை வேறு. மருந்தில்லாமல் இறந்தவர்களின் வீட்டில் போய் ஜாம் போத்தல் விளக்கின் அழகைப் பேச முடியாது. நான் சொல்ல வருவது இவ்வளவே. இல்லாமை வந்த நாளில் நம் பெண்கள் கைவிட்டுப் போகாமல் நின்றதற்கு, இருந்த நாளில் பழகிய பழக்கம் உதவியது. நிறைந்த பானையிலிருந்து ஒரு பிடி எடுத்து வைக்கப் பழகிய கை, குறைந்த பானையைக் கண்டு நடுங்கவில்லை.

கொடுத்து அனுப்புவது

போரில் எத்தனையோ பனைகள் பதுங்குகுழிகளுக்காகவும் அரண்களுக்காகவும் தறிக்கப்பட்டன. எறிகணை பட்டு வட்டிழந்து நின்ற மொட்டைப் பனைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையும் ஊர்ச் சங்கங்களும் பாடசாலைப் பிள்ளைகளும் விதை நட்டு வருகிறார்கள். பனை நட்டவர் அதன் பயனை உடனே காண்பதில்லை. மரம் காய்க்க 15, 20 ஆண்டுகள் செல்லும். அறுபது வயதில் ஒருவர் பனம்விதை நடுகிறார் என்றால் அவருடைய நம்பிக்கை எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. நமது சங்கத்தைத் தொடங்கிய பெண்களும் அத்தகைய விதையைத்தான் நட்டார்கள். அவர்களில் எவரும் இன்று இல்லை. நூங்கும் கிழங்கும் நாம் உண்கிறோம்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் கொழும்பிலும் இருக்கின்ற நாம் இனி என்ன செய்யலாம்? பெரிய திட்டங்களைச் செயற்குழு பார்த்துக்கொள்ளும். ஒவ்வொருத்தியும் செய்யக்கூடிய சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

மாதச் சம்பளம் வந்த அன்றே, செலவுக் கணக்குத் தொடங்குமுன், ஒரு சிறு தொகையைப் பிடியரிசியாக எடுத்து வையுங்கள். அது சங்கத்தின் மூலம் ஊரில் ஒரு பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் போகட்டும். அந்தப் பிள்ளைக்கு உங்கள் பெயர் தெரிய வேண்டியதில்லை.

ஊருக்குப் போகும்போது கடகமோ பெட்டியோ வாங்கினால் பேரம் பேசாதீர்கள். சார்வோலை வார்ந்து பதமாக்கி இழைப்பதற்கு எத்தனை நாள் சென்றது என்று இழைத்தவரிடம் கேளுங்கள். அவருடைய பெயரையும் கேளுங்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைக்காமல் வெங்காயம் போட்டு வையுங்கள். அதற்காகத்தான் அது இழைக்கப்பட்டது.

உங்கள் பேரப்பிள்ளைக்குத் தைப்பொங்கல் அன்று பாடசாலை விடுமுறை இல்லாமல் இருக்கலாம். பனிக் குளிரில் முற்றத்தில் அடுப்பு மூட்டவும் முடியாமல் இருக்கலாம். குசினியில் மின்னடுப்பிலே பால் பொங்கட்டும். பொங்கியதும் அந்தப் பிள்ளையின் சின்னக் கையால் முதற் பிடி அரிசியை இடச் சொல்லுங்கள். பொங்கலில் முதற் பங்கை அடுத்த வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த வீட்டார் எந்த நாட்டவராகவும் எந்தச் சமயத்தவராகவும் இருக்கட்டும். ஏன் அவர்களுக்கு முதலில் என்று பிள்ளை கேட்கும். அப்போது இந்தப் பிடியரிசிக் கதையைச் சொல்லுங்கள்.